பக்கத்துக் கல்லூரி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள் தொடங்கி, ஜூன் மாதம் பாதி கழியும்வரை பங்கு அலுவலகத்தில் நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை. திருமுழுக்குச் சான்றிதழின் நகலுக்காக வருவோர் ஒருபுறம். பரிந்துரைக் கடிதத்துக்காக வருவோர் மறுபுறம். இலயோலாக் கல்லூரிக்கு ஒன்று, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிக்கு ஒன்று என ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று கடிதங்கள் கேட்பவரும் உண்டு. கேட்பவர்க்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். அக்கடிதத்தின் வலிமையைப் பற்றி நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை, அதை எழுதுகிற நமக்கு இல்லை என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

உறையை ஒட்டிக் கொடுக்கும்போது, “இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வதாக எண்ணம்?” என்று கேட்பது நம் வழக்கம். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: “வேற என்ன ஃபாதர், பட்டாபிராம்தான்.”

சொல்பவர் தந்தை, பக்கத்தில் நின்று கேட்பது பிள்ளை. ‘தான்’ என்னும் அச்சிறு சொல்லைப் பெற்றவர் மறந்துவிடுவார். பிள்ளையோ அதை மூன்று ஆண்டுக் காலம் புத்தகப் பையோடு சேர்த்துச் சுமந்து செல்கிறது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளைப் பற்றி இம்மாதம் எழுதலாம் என்று நாம் எண்ணியது இதனாலேயே.

இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கித் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1856-ஆம் ஆண்டில். ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று இன்று நாம் ஏறி இறங்கும் மேற்குப் பாதை அதன் வழி வந்ததே. நூறு ஆண்டுகளுக்குப் பின் இப்பாதையின் ஓரத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. நம் பங்குகளின் மூத்த குடும்பங்களில் பல, அவ்வேளையில் தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வேலை தேடி வந்து குடியேறியவையே. வேலை இங்கே கிடைத்தது. பிள்ளைகளின் மேற்படிப்புக்கோ பட்டணத்தையே பார்க்க வேண்டியிருந்தது. மாநிலக் கல்லூரி, பச்சையப்பன், இலயோலா, பெண்களுக்கு இராணி மேரி, ஸ்டெல்லா மாரிஸ் என எல்லாமே நெடுந்தொலைவு. ஆண்பிள்ளைகளுள் சிலர் போனார்கள். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியிறுதியோடு நின்றார்கள்.

இந்நிலையில்தான் 1969-ஆம் ஆண்டில் பட்டாபிராமில், கலவல கண்ணன் செட்டியாரின் பெயரால் அமைந்த அறநிலையத்தார் இந்துக் கல்லூரியை நிறுவினர். தர்மமூர்த்தி ராவ்பகதூர் என்னும் பட்டங்களோடு அவருடைய பெயரை முழுவதும் எழுதினால் கல்லூரியின் பெயர்ப்பலகை மிக நீண்டுவிடும். மக்களுக்கு அது ‘இந்து காலேஜ்’. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையே இரயில்வேயாரும் அப்பெயரிலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். பட்டணத்தின் புகழ்பெற்ற கல்லூரிகளுள் எத்தனைக்குத் தன் பெயரில் ஓர் இரயில் நிலையம் உண்டு என்று நம் இளைஞர்கள் நண்பர்களைக் கேட்கலாம்.

பெயரில் ‘இந்து’ என்றிருப்பதால் தயங்கும் தாய்மாரும் உண்டு. நம் துறவியர் நடத்தும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பிற சமயத்தார் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்களே. அவர்களுடைய பெற்றோர் புனிதர்களின் பெயரைக் கண்டு தயங்கினார்களா? தயக்கம் அத்தோடு தீரட்டும்.

பட்டாபிராமை முதலில் சொன்னோம். அஃது ஒன்றே அன்று. ஆவடியில் 1957 முதல் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. அம்பத்தூரை அடுத்த மாதனாங்குப்பத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கென ஒரு கலை அறிவியல் கல்லூரி நடைபெறுகிறது. திருவேற்காடு, பூந்தமல்லிச் சாலைகளிலும் கல்லூரிகள் பெருகிவிட்டன. நாம் கூறுபவை இவற்றில் பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழப் பொருந்தும்.

சரி, சிறிய கல்லூரியில் பெறும் பட்டம் சிறிய பட்டமா? இதற்குச் சற்றுப் பழைய கதைக்குப் போக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டபோது, அக்காலத்து இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டே அமைக்கப்பட்டது. அங்கே பல்கலைக்கழகத்தின் வேலை பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதும்; கற்பிப்பது அதனோடு இணைந்த கல்லூரிகளின் வேலை. சென்னைப் பல்கலைக்கழகமும் பின்னாளில் தானே துறைகளை ஏற்படுத்திக் கற்பித்தது எனினும், இணைவுக் கல்லூரி என்னும் ஏற்பாடு இன்றளவும் தொடர்கிறது. ஆகையால் பட்டாபிராமில் பயின்றவரின் பட்டச் சான்றிதழிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரையே இருக்கும். பல்கலைக்கழகத் தாளைத் திருத்துபவர், இந்த மாணவி எந்த நிலையத்தில் இரயில் ஏறினாள் என்று பார்ப்பதில்லை.

சிறியதாகத் தொடங்கியவை சிறியதாகவே நின்றுவிட்டதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மதுரையில் வைத்திருந்த கிளை மையமே 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாயிற்று. கோவையிலும் திருச்சியிலும் இருந்த பட்டமேற்படிப்பு மையங்கள் 1982-இல் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களாக மலர்ந்தன.

ஆனால் இங்கே ஒரு பெரியவரின் மறுப்பையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். பின்னாளில் கர்தினாலாகி, 2019-இல் புனிதர் பட்டம் பெற்ற ஜான் ஹென்றி நியூமன் அவர்களே அவர். டப்ளின் நகரில் தொடங்கவிருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்காக 1852-இல் அவர் எழுதிய உரைகளில் ஓர் ஒப்பீடு வருகிறது. மாணவரைக் கூட்டி வாழ வைக்காமல், பல பாடங்களில் தேர்வு மட்டும் வைத்துப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் ஒன்று. பேராசிரியரும் தேர்வும் இல்லாமல், இளைஞர்களை மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக வாழவிட்டுப் பின் அனுப்பிவைக்கும் பல்கலைக்கழகம் மற்றொன்று. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தாம் பின்னதையே தேர்வதாக அவர் எழுதினார். துடிப்பும் திறந்த மனமும் உள்ள இளைஞர்கள் ஒன்றுகூடினால், கற்பிப்பார் இல்லாவிடினும் ஒருவரிடம் ஒருவர் கற்பார்கள் என்பது அவர் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, அதன் மாதிரியைப் பற்றிய குறையை அவர் சொல்லிவிட்டார் எனலாம்.

குருமடத்தில் பயின்ற நமக்கு இது நன்றாகவே விளங்குகிறது. வகுப்பில் கேட்ட தத்துவப் பாடங்களில் மறந்தவை பல. உணவறையில் பாத்திரம் கழுவும்போதும், மாலை நடையிலும் தோழர்களிடம் கேட்டவை மறக்கவில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டுக் கல்லூரிக்குச் சென்று, பிற்பகலில் வீடு திரும்பும் நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு எங்கே?

இளைஞர்களிடம் இதைக் கேட்டோம். அவர்கள் தயங்காமல் சொன்ன விடை: இரயில் பெட்டி.

அரக்கோணம், திருவாலங்காடு, கடம்பத்தூர் ஊர்களிலிருந்து வரும் கிராமத்துப் பிள்ளைகள் காலையில் பட்டணத்து வேலைக்குச் செல்லும் கூட்டத்தோடு நெருங்கி நின்று வந்து, நடுவழியில் இறங்குகிறார்கள். வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் பிள்ளைகள் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணம் செய்வதால் அவர்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு மட்டும் இரயில் இல்லை. காடுவெட்டி, பருத்திப்பட்டு வழியாகப் பேருந்தில் ஆவடிக்கு வந்துதான் மற்றவரோடு சேர முடியும். இப்படி நெல் வயலிலிருந்து வந்தவனும், தொழிற்பேட்டை லேத் பட்டறைத் தொழிலாளியின் மகனும், இராணுவக் குடியிருப்பில் வளர்ந்த பெண்ணும் ஒரே பெட்டியில் கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் பதிவியலில் ஐந்தொகை ஒத்துவராமல் விழித்த ஒரு மாணவிக்கு, அண்ணனூர் தாண்டுவதற்குள் தோழி ஒருத்தி பிழையைக் காட்டிக் கொடுத்தாளாம். நியூமன் பெருந்தகை அப்பெட்டியில் ஏறியிருந்தால் ஒரு மூலையில் நின்று மகிழ்ந்திருப்பார்.

இந்தப் பயணத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைப்பது பெற்றோருக்குச் செய்யும் நன்மையாகாது. பட்டணத்துக் கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவர்களுக்குள் ‘ரூட்டு’ என்னும் பெயரால் நடக்கும் பகையை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் நிலையத்தின் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அவரும் நாள்தோறும் இரயிலில் கல்லூரிக்குச் சென்று வந்தவரே. கல்லூரியின் புகழ் பிள்ளைக்குக் காவல் நிற்பதில்லை. மகன் எந்த வண்டியில், யாரோடு, படியில் நின்றா உள்ளே அமர்ந்தா செல்கிறான் என்பது அவன் எந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்பதற்குக் குறைந்த கேள்வியன்று.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்ததற்கு வருவோம்.

தொலைவிலுள்ள கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பம் மனத்தளவில் அவனுக்கு விடை கொடுத்துவிடுகிறது. அவன் திருச்சியிலோ பாளையங்கோட்டையிலோ விடுதியில் இருக்கிறான். தண்ணீர் பிடிக்க, நியாயவிலைக் கடையில் நிற்க, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவனைக் கூப்பிட முடியாது. ‘படிக்கிற பிள்ளை’ என்னும் சொல்லே அவனுக்கு ஒரு வேலி. பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வேலி கிடைப்பதில்லை. காலையில் போகிறாள், பிற்பகலில் வருகிறாள். ஆகவே அவள் எங்கும் போகவில்லை என்று வீடு நினைக்கிறது. பள்ளிக்கூடம் இன்னும் மூன்று ஆண்டு நீண்டதாக அதற்கு எண்ணம். முன்பு செய்த வேலைகள் அத்தனையும் அப்படியே காத்திருக்கின்றன. வளர்ந்துவிட்டாள் என்பதால் இரண்டு வேலைகள் கூடவும் செய்கின்றன.

நம் பங்கில் ஒரு பெண். வணிகவியல் இரண்டாம் ஆண்டு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குக் கற்பிப்பவள். சில வாரங்களாக முகம் வாடியிருக்கக் கண்டு விசாரித்தோம். அந்தப் பருவத்தில் அவளுக்கு வருகைப் பதிவு குறைந்துவிட்டிருந்தது. நோய் நொடி எதுவும் இல்லை. அக்காளின் வளைகாப்புக்கு நான்கு நாள், அக்காள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபின் வாரத்தில் இரண்டு நாள், சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள், வேளாங்கண்ணிக்கு ஐந்து நாள். தேர்வு எழுத நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. தேர்வுக்குரிய 100 மதிப்பெண்ணில் 25 கல்லூரியிலேயே வழங்கும் அகமதிப்பீடு. உள்தேர்வு நடந்த ஒரு நாளில் அவள் மருத்துவமனை வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருக்கிறாள்.

தாயை அழைத்துப் பேசினோம். நல்ல தாய், நாள் தவறாமல் திருப்பலிக்கு வருபவர். “இங்க பக்கத்துலதானே ஃபாதர் காலேஜு, எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்னு இருந்துட்டேன். அவளும் ஒண்ணும் சொல்லலையே” என்றார். அவள் ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவளைக் கேட்டோம். “அண்ணன் படிக்கும்போது யாரும் எதுவும் கேக்கல ஃபாதர். அவன் லொயோலா. நான் பட்டாபிராம்தானே” என்றாள்.

தொடக்கத்தில் கண்ட அந்தத் ‘தான்’ எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். தந்தை வாயில் பிறந்து, மகள் வாயில் குடியேறிவிட்டது. தன் கல்லூரி தாழ்ந்தது, ஆகவே தன் நேரமும் தாழ்ந்தது என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். கல்லூரி அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. அங்கே பேராசிரியை ஒருவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, ஏன் வரவில்லை என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் திரளும் பெரிய வளாகத்தில் அப்படிக் கேட்பார் கிடைப்பது அரிது.

ஆண்பிள்ளைகளின் கதை வேறு விதம். காலைமுறை வகுப்பு முடிந்ததும், பகல் உணவுகூட இல்லாமல் நேரே வேலைக்குச் செல்வோர் பலர். தொழிற்பேட்டையில் பொருள் அடுக்குவது, இருசக்கர வண்டியில் உணவு கொண்டு கொடுப்பது, முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறுவது. இதைக் குறை கூற நமக்கு நாவில்லை. தந்தையின் சம்பளம் போதாத வீடுகள் எத்தனை என்பது வீடு சந்திக்கச் செல்லும் நமக்குத் தெரியும். ஆயினும் ஒன்று கவனித்தோம். கட்டணத்துக்காகத் தொடங்கிய வேலை, கைப்பேசித் தவணைக்காகத் தொடர்ந்து, வண்டித் தவணைக்காக நிலைத்துவிடுகிறது. ‘அரியர்’ என்று அவர்கள் கூறும் நிலுவைத் தாள்கள் இதற்குள் ஐந்து ஆறு சேர்ந்துவிடுகின்றன. இறுதியாண்டு முடிந்தபின் அவற்றை எழுதி முடித்துப் பட்டம் பெற்றவரும் உண்டு. எழுதாமலே விட்டவர் அதிகம். மகன் மாதம் எவ்வளவு கொண்டுவருகிறான் என்று அறிந்த தந்தையர், எத்தனை தாள் நிலுவை என்று அறியாதிருக்கிறார்கள்.

பணவுதவி பற்றியும் ஒரு வார்த்தை. பட்டப்படிப்பு வரை மாணவியருக்கு இரயிலில் இலவச மாதச் சீட்டு என்னும் சலுகை 2008-ஆம் ஆண்டு இரயில்வே நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. 2024 டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்களுக்கும் அதை விரித்தது. நம் பங்குப் பள்ளிகளில் படித்த பலர் இதற்குள் அடங்குவர். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. விவரங்களைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்க. அப்பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதை வீட்டுச் செலவில் கலந்துவிட்டு, புத்தகத்துக்குப் பணமில்லை என்று சொன்ன இரண்டு வீடுகளை நாம் அறிவோம்.

பட்டாபிராமில் 21 மாடிகளோடு எழுந்த டைடல் பூங்காவை 2024 நவம்பரில் திறந்துவைத்தார்கள். “அங்கே நம்ம ஊர்ப் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா ஃபாதர்?” என்று கேட்கிறார்கள். கட்டடம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக எவரும் வேலை கொடுக்கமாட்டார்கள். மூன்று ஆண்டுகள் வகுப்பில் அமர்ந்து, தாள்களை நிலுவையின்றி முடித்து, நாலு பேர் நடுவில் ஆங்கிலத்தில் அச்சமின்றிப் பேசப் பழகியவர் கேட்டால் கதவு திறக்க வழியுண்டு. அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்கக் கூடியது கல்லூரியன்று, வீடு.

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பவை சிலவே. பருவத்தின் தொடக்கத்தில் தேர்வு நாள்களைக் கேட்டு, சமையலறை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போது அதையும் ஒரு பார்வை பாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போய் வாருங்கள். மகனுக்காகப் போகும் தந்தை மகளுக்காகவும் போகட்டும். மாலையில் இரண்டு மணி நேரம் வீட்டில் எந்த வேலைக்கும் அவளைக் கூப்பிடாதீர்கள். குருமடத்தில் இதற்கென்று ஒரு மணி அடிப்பார்கள். அடித்தபின் அதிபரே ஆனாலும் எவரையும் வேலைக்கு ஏவமாட்டார். வீட்டில் மணி இல்லாவிட்டால் தொலைக்காட்சியை நிறுத்தும் ஓசை போதும்.

ஒற்றை அறை வீட்டில் இஃது எப்படி ஆகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பங்குப் பேரவையிலும் இது பேசப்பட்டது. வரும் முதல் திங்கள் தொடங்கி, ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மாலை 6 முதல் 8.30 வரை பங்கு மன்றம் படிப்புக்காகத் திறந்திருக்கும். மேசைகள் எட்டு உள்ளன. மின்விசிறிகளுள் ஒன்று மட்டும் பழுது. எந்தக் கல்லூரிப் பிள்ளையும், எந்தச் சமயப் பிள்ளையும் வரலாம். செவ்வாய்க்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து புள்ளியியலிலும் கணக்குப் பதிவியலிலும் ஐயம் தீர்க்க இசைந்திருக்கிறார். பெண்பிள்ளைகளைத் திரும்ப அழைத்துச் செல்ல வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். குடிநீர் அவரவர் கொண்டு வருக. சாவி உபதேசியாரிடம் இருக்கிறது.